சலூன் திறக்கலாமா, சாவு வீட்டுக்குப் போகலாமா: 2020 தளர்வுக் காலக் கேள்விகள்

கொரோனா ஊரடங்கு என்றதும் எல்லோருக்கும் பூட்டிய நாள்கள்தான் ஞாபகம் வருகின்றன. எங்களைப் போன்ற நகராட்சி ஆட்களுக்குப் பூட்டியது லேசான வேலை. 'எல்லாம் மூடல்' என்று ஒரு வரியில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். திறந்ததுதான் பெரும்பாடு. 2020 மே தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை மாதத்துக்கு ஒன்றிரண்டு அரசாணை வரும். ஒவ்வொன்றுக்கும் நூறு ஃபோன் வரும்.

நான் அப்போது உள்மாவட்டம் ஒன்றில், நடுத்தர ஊர் ஒன்றின் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். உதவி மையத்து மேஜையில் ஒரு கணக்கு நோட்டு வைத்து, வந்த கேள்விகளைக் குறித்து வந்தேன். திரும்பத் திரும்ப வந்தவை கீழே. அன்று சொன்ன பதிலோடு, இன்றைக்குக் கேட்டால் என்ன சொல்வேன் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

எது எப்போது திறந்தது? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். மே 11-ல் டீக்கடை, பார்சல் மட்டும். மே 19-ல் கிராமத்து சலூன்கள், 24-ல் எங்களைப் போன்ற ஊர்கள், ஜூன் 1-ல் சென்னை. அதே ஜூன் 1-ல் மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்துப் பேருந்து விட்டார்கள். சென்னைப் பக்கம் மட்டும் இல்லை. ஜூன் 8-ல் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாதி இருக்கை, ஏசி கூடாது. பிறகு ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு, 24-லிருந்து மதுரையிலும். ஜூலை 1-ல் ஓடிக்கொண்டிருந்த பேருந்தும் நின்றது. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு.

பெரிய திறப்பு செப்டம்பர் 1. கோயில்கள் திறந்தன, மாவட்டத்துக்குள் பேருந்து ஓடியது, மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதி) தேவையில்லை என்றானது. 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து. நவம்பர் 10 தியேட்டர், டிசம்பர் 14 மெரினா கடற்கரை, 2021 ஜனவரி 19-ல் 10, 12 வகுப்புகள்.

படிக்கும்போதே தலை சுற்றினால் தப்பில்லை. எங்களுக்கும் சுற்றியது.

டீக்கடை திறந்தாச்சு என்கிறீர்கள், ஒரு டீ குடிக்க ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?

டீயை வாங்கிப்போகத்தான் அனுமதி. நின்று குடித்தால் பேச்சு வரும், பேச மாஸ்க் இறங்கும், ஒரு டீ முக்கால் மணி நேரமாகும். அதனால் பார்சல் மட்டும் என்றார்கள். நடந்தது என்னவென்றால், பார்சல் கவரை வாங்கிக்கொண்டு நாலு பேர் பக்கத்துச் சந்தில் பேப்பர் கப்பில் ஊற்றிக் குடித்தார்கள். திட்டி அனுப்பியிருக்கிறேன். திறந்த வெளியில் நாலு பேர் நின்றது, அன்று நான் பயந்த அளவுக்குப் பெரிய ஆபத்தில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதே நேரத்தில் எங்கள் ஆய்வுக் கூட்டம் ஜன்னல் சாத்திய அறையில், இருபது பேரோடு, இரண்டு மணி நேரம் நடந்துகொண்டிருந்தது.

முடிவெட்ட ஆதார் கார்டு எதற்கு?

அதிகமாக வசவு வாங்கித்தந்த கேள்வி இது. சலூனுக்கு வருகிறவரின் பெயர், முகவரி, செல் நம்பர், ஆதார் எண் எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று நெறிமுறை வந்தது. காரணம் நியாயமானது. ஒருவருக்குத் தொற்று வந்தால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு சலூன். உரிமையாளர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டிக் கண்ணாடி ஓரமாகத் தொங்கவிட்டிருந்தார். சோதனைக்குப் போய்ப் புரட்டினேன். பக்கமெல்லாம் அவர் கையெழுத்தே. ஆதார் எண்ணில் 12 இலக்கம் இருக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பதினொன்றுதான் இருந்தது, ஒருவருக்குப் பதினான்கு. "சார், ஒருத்தரும் நம்பர் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து கேப்பீங்கன்னு ராத்திரி உக்காந்து நானே எழுதினேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆளைத் தேட செல் நம்பர் போதும். ஆதார் எண் கயிற்றில் தொங்குவது யாருக்கும் நல்லதில்லை.

நெறிமுறையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் துண்டு, கத்தி கழுவுவது, நாற்காலி துடைப்பது எல்லாம் விலாவாரியாக இருந்தது. ஷேவிங் செய்யும்போது வாடிக்கையாளர் மாஸ்க் போட முடியாது, செய்கிறவர் முகம் ஒரு முழம் தள்ளி இருக்கும். அதுதான் கடையில் நடப்பதிலேயே ஆபத்தான பதினைந்து நிமிஷம். "முடி வெட்டிக்கொள்ளுங்கள், ஷேவிங் வீட்டில் செய்துகொள்ளுங்கள்" என்று நாங்களாகவே சொல்லத் தொடங்கினோம். அந்தப் பழைய சலூனுக்கு மரக்கதவு, இரண்டு பக்கம் ஜன்னல், மேலே ஓடு. எதிரே புதிதாகத் திறந்திருந்த கண்ணாடிக் கதவு சலூன் பளிச்சென்று இருந்ததால் ஜனங்கள் அதைத்தான் பாதுகாப்பு என்று நம்பிப் போனார்கள். காற்றோட்டம் இருந்தது பழையதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொரோனா வெளியே வருமா?

ஃபோனில் கிண்டலாகக் கேட்டவர்களே அதிகம். விடுமுறை நாளில் கூட்டம் கூடும், அதை வெட்டினால் பரவல் குறையும் என்பது கணக்கு. கணக்குப் போட்டவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்தை மறந்துவிட்டார்கள். மறுநாள் கறிக்கடை கிடையாது என்றதும் மொத்த ஊரும் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கறிக்கடை, மீன் கடை வாசலுக்கு வந்தது. ஞாயிறு நாள் முழுக்கப் பரவி நடந்திருக்க வேண்டிய வியாபாரம் இரண்டு மணி நேரத்தில் நசுங்கியது.

கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு செருப்போ, மஞ்சப்பையோ, செங்கல்லோ ஒழுங்காகச் சமூக இடைவெளியோடு வரிசையில் நிற்கும். ஆள்கள் வேப்பமரத்து நிழலில் தோளோடு தோள்.

பக்கத்து மாவட்டத்தில் அம்மா இருக்கிறார். போய்ப் பார்க்க இ-பாஸ் கிடைக்குமா?

ஆகஸ்ட் நடுவரைக்கும் இதற்குப் பதில்: பார்க்க மட்டும் என்றால் கிடைக்காது. கல்யாணம், இறப்பு, அவசர மருத்துவம் என்று ஒரு காரணம் வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எத்தனை பேர் பொய் எழுதியிருப்பார்களோ. ஆகஸ்ட் 17-லிருந்து ஆதார் அல்லது ரேஷன் கார்டும் செல் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்று மாறியது. இரண்டு வாரத்தில் பாஸே வேண்டாம் என்றானது.

எந்த மாஸ்க் நல்லது? மூக்கை மூடாவிட்டாலும் அபராதமா?

செப்டம்பர் முதல் வாரத்தில் அபராதத்துக்குச் சட்டம் வந்தது. மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500. தாடையில் தொங்கும் மாஸ்க் இல்லாத மாஸ்க்தான்.

எது நல்லது என்றால், முகத்தில் பக்கவாட்டில் இடைவெளி விடாமல் உட்காருவது. மூன்று அடுக்குத் துணி பரவாயில்லை, சர்ஜிக்கல் மாஸ்க் அதைவிட மேல், என்95 எல்லாவற்றுக்கும் மேல். முன்பக்கம் பிளாஸ்டிக் வால்வு வைத்த என்95 மட்டும் வேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசே கடிதம் எழுதியது. அது உள்ளே வரும் காற்றை வடிகட்டும், நீங்கள் விடும் மூச்சை அப்படியே வெளியே விடும். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் வால்வு வைத்ததைத்தான் போட்டார்கள். பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

கிருமிநாசினிச் சுரங்கம் நம் ஊருக்கு ஏன் இல்லை?

2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஒன்று வைத்தார்கள். உள்ளே நடந்து போனால் மருந்து தெளிக்கும். படம் எல்லா ஃபோனுக்கும் வந்தது. கவுன்சிலராக இருந்தவர்கள், இருக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் தெளிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. சுரங்கத்தில் தெளித்த சோடியம் ஹைப்போகுளோரைட் தரையைத் துடைக்க. கண்ணிலும் மூச்சிலும் பட்டால் எரியும். தவிரவும், தொற்று இருப்பது சட்டை மேல் இல்லை, மூக்குக்கும் நுரையீரலுக்கும் உள்ளே. சட்டையை நனைத்து அங்கே எப்படிப் போவது?

தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியதும் இந்த வகைதான். தூவாத தெருக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் தூவினோம். உண்மையைச் சொன்னால், நகராட்சி வேலை செய்கிறது என்பது வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

காய்கறியை சோப்புப் போட்டுக் கழுவலாமா? ரூபாய் நோட்டை இஸ்திரி போடலாமா? பால் கவர்?

காய்கறிக்குத் தண்ணீர் போதும். சோப்பு வயிற்றுக்குள் போனால் வேறு வியாதி வரும். நோட்டை எண்ணிவிட்டுக் கை கழுவினால் தீர்ந்தது. பால் கவரும் அப்படியே.

நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்த்தார்களே, அதில் தெரிந்ததா?

காய்ச்சல் இருந்தால் தெரியும், அதுவும் நிழலில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு பார்த்தால். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு வந்தவுடன் பார்த்தால் கூடுதலாகக் காட்டக்கூடும். காலையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவருக்குக் காய்ச்சல் இல்லை என்று காட்டும். தொற்று வந்தவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்பக்கூடும். அப்போது காய்ச்சலே இருக்காது. இதைவிட எங்கள் களப்பணியாளர்கள் வீடு வீடாகக் கொண்டுபோன பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவியாக இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி அது. விரலில் மாட்டி, 94-க்குக் கீழே காட்டினால் உடனே ஆஸ்பத்திரி. மருதாணி வைத்த விரலில் மட்டும் சண்டித்தனம் செய்யும். வேறு விரல் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு 50 பேர் என்றால் சமையல்காரரும் அதில் சேர்த்தியா? இறப்புக்கு 20 பேர் போதுமா?

சேர்த்தி. நாதஸ்வரம், போட்டோ பிடிப்பவர், மண்டப மேனேஜர் எல்லோரும் தலைதான். அப்படிச் சொன்னதும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று முறை போட்டார்கள்: காலை முகூர்த்தத்துக்கு ஐம்பது, மதியப் பந்திக்கு வேறு ஐம்பது, சாயங்காலம் பங்காளிகள். ஒவ்வொரு வேளையும் சட்டப்படி சரி. ஆனால் பந்தியில் யாரும் மாஸ்க்கோடு சாப்பிடுவதில்லை. மண்டபத்துக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் என்று பெயருக்கு இரண்டு இருக்கும். இன்றைக்கு என்னைக் கேட்டால், தலையை எண்ணாமல் பந்தியை வெளியே பந்தலுக்கு மாற்றுங்கள் என்றிருப்பேன்.

இருபது பேர் விஷயம் வேறு. அதை நான் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. ஒரு வீட்டில் பெரியவர் மாரடைப்பில் இறந்துபோனார், கொரோனா இல்லை. ஐந்து பிள்ளைகள், அவர்கள் பெண்டாட்டி புருஷன், பேரன் பேத்தி. அதிலேயே இருபது தாண்டிவிட்டது. தெருமுனையில் நின்று நான்தான் எண்ணினேன். கடைசி மகள் இ-பாஸ் கிடைத்து வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தபோது உள்ளே ஆள் நிறைந்திருந்தது. உள்ளே இருந்த மருமகன் ஒருவர் தானாகவே எழுந்து வெளியே வந்து, "நீ போம்மா" என்று இடம் கொடுத்தார். அந்த அம்மாள் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

கொரோனாவில் இறந்தவர் உடலைப் பற்றிப் பயம் இதைவிட மோசம். உறைக்குள் வைத்த உடலின் முகத்தை மட்டும் திறந்து, தொடாமல், குடும்பத்துக்குக் காட்டலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே 2020 மார்ச்சிலிருந்து இருந்தது. சாம்பலால் எந்த ஆபத்தும் இல்லை என்றும் இருந்தது. பல இடங்களில் இரண்டையும் மறுத்தார்கள். சென்னையில் ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். அதன் பிறகு, இப்படித் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு ஏன் தகரம் அடித்தீர்கள்?

தொற்று வந்த வீட்டைத் தனிமைப்படுத்தச் சொல்லித்தான் உத்தரவு. வாசலில் ஸ்டிக்கர், வீட்டாருக்கு 14 நாள். எங்கள் நகராட்சியில் ஒருவர் இதற்கு மேலே போய், வாசலையே தகரத்தால் அடைக்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, எனக்கும்.

ஒரு ஓட்டு வீடு ஞாபகம் இருக்கிறது. மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். உள்ளே வயதான தாயும் மருமகளும். முன்வாசல் முழுக்கத் தகரம். பால் பாக்கெட்டை ஒரு கூடையில் கயிறு கட்டித் தகரத்துக்கு மேலே இறக்குவான் களப்பணிப் பையன். மூன்றாம் நாள் தகர விளிம்பு அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. டிடி ஊசி போட்டு, கட்டுப் போட்டு வந்து மறுபடியும் பால் இறக்கினான். அந்தக் கிழவி உள்ளேயிருந்து, "எப்பா, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டதை அவன்தான் என்னிடம் வந்து சொன்னான்.

உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அடித்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. இன்னொரு விளைவு மெதுவாகத் தெரிந்தது. அந்தத் தெருவில் அடுத்த இரண்டு வாரம் காய்ச்சல் முகாமுக்கு ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் நின்றுவிடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அதில் இரண்டு பேரை மூச்சுத் திணறல் வந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். சீக்கிரம் வந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

நெகட்டிவ் டெஸ்ட் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே, பக்கத்தில் போகலாமா?

ஏழு நாள் கழித்துப் போகலாம். 2020 மே 8-ல் டிஸ்சார்ஜ் விதி மாறியது. லேசான தொற்று என்றால், அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் டெஸ்ட் இல்லாமலே அனுப்பலாம். வீட்டில் ஏழு நாள் தனியாக இருக்க வேண்டும். ஆர்டி-பிசிஆர் டெஸ்ட், செத்த வைரஸின் துணுக்குகளைப் பிடித்து, சில பேருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். பட்டாசு வெடித்து முடிந்த பிறகும் தெருவில் காகிதம் கிடக்குமே, அது மாதிரி. கிடக்கிற காகிதம் வெடிக்காது. இதைச் சொல்லியும், குணமாகி வந்தவருக்கு வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு.

கபசுரக் குடிநீர் குடித்தால் போதுமா?

நானும் குடித்தேன், என் அம்மா கொடுத்தால் மறுக்க முடியாது. அதைக் குடித்தோம் என்று மாஸ்க்கைக் கழற்றியவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

சின்னக் கோயில் திறக்கலாம், பெரிய கோயில் கூடாதா?

ஜூலையில் கிராமப்புறங்களில், ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவான கோயில்கள் மட்டும் திறக்கலாம் என்று வந்தது. வருமானம் குறைவு என்றால் கூட்டம் குறைவு என்ற கணக்கு. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ல். பிரசாதம் கையில் கொடுக்கக் கூடாது, தீர்த்தம் தெளிக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பூசாரி ஒருவர், "உண்டியலைத் திறந்து காட்டட்டுமா சார், போன வருஷம் நாலாயிரம்தான்" என்று ஃபோன் செய்தார். நகராட்சி எல்லைக்குள் இருந்ததால் அவருக்கு அனுமதி இல்லை.

பள்ளிக்கூடம் ஏன் கடைசி?

தியேட்டர் நவம்பரில், பள்ளிக்கூடம் ஜனவரியில். இந்த வரிசையை எந்தப் பெற்றோருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. நவம்பர் 16-ல் திறக்கலாம் என்று அறிவித்து, பெற்றோர் கருத்துக் கேட்டு, தள்ளிவைத்தார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கரண்டும் டிவியும் அம்மா வேலைக்குப் போகாத வீடும் இருந்தால் அது ஓடியது.

காற்றில் பரவும் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

எங்களுக்கு மேலே இருந்தவர்களே சொல்லவில்லை. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், இது காற்றில் பரவுவதில்லை என்றே அறிவித்தது. பெரிய துளிகள், ஆறடியில் கீழே விழுந்துவிடும், அதனால் இடைவெளியும் கை கழுவுவதும் என்பதுதான் எங்கள் பயிற்சி. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் மிதக்கும் நுண்துளிகளைக் கணக்கில் எடுங்கள் என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் தெளிவாக எழுத 2021 ஏப்ரல் இறுதியானது.

இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மிளகாய் வறுத்தால் கூடத்தின் கடைசி மூலையில் இருப்பவரும் இருமுவார். ஆறடி எல்லாம் அங்கே செல்லாது. கொல்லைக் கதவைத் திறந்துவிட்டால் நெடி போய்விடும். நாங்கள் ஒன்பது மாதம் ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வட்டம் போட்டோம். ஒரு மண்டபத்துக்காவது போய் ஜன்னலைத் திற என்று நோட்டீஸ் கொடுக்கவில்லை.

தளர்வு கொடுத்ததால்தான் இரண்டாம் அலை வந்ததா?

தமிழ்நாட்டில் முதல் அலையின் உச்சம் 2020 ஜூலை 27-ல், ஒரு நாளில் 6,993 பேர். இரண்டாம் அலையில் 2021 மே 21-ல் 36,184. இடையில் வைரஸே மாறியிருந்தது; டெல்டா என்ற புதிய வகை முன்பைவிட வேகமாகப் பரவக்கூடியது. தடுப்பூசி ஜனவரி 16-ல் தொடங்கியிருந்தாலும் மிகச் சிலரே போட்டிருந்தார்கள். தேர்தல் கூட்டங்கள் வேறு. பிப்ரவரியில் உதவி மையத்துக்கு நாளுக்கு இரண்டு ஃபோன்கூட வரவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். நானே மாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

அந்தத் தகரங்களை என்ன செய்தீர்கள்?

இது அண்மையில் ஒரு பையன் கேட்டது. அப்போது அவன் எட்டாம் வகுப்பு. நகராட்சிக் கிடங்கில் ரொம்ப நாள் கிடந்தன. பிறகு உரக்கிடங்குக் கொட்டகைக்குக் கூரை போட எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றிரண்டில் 'தனிமைப்படுத்தப்பட்ட பகுதி, உள்ளே வராதீர்' என்ற சிவப்பு எழுத்து தலைகீழாக இன்னும் தெரியும்.